படித்தால், படித்தால்தான்

நூலக அட்டை இருந்தால் மட்டுமே நூல் வழங்கப்படும். கமலாவிடம் நூலக அட்டை இருக்கிறது. ஆகவே கமலாவுக்கு நூல் வழங்கப்படும்.

முதலிரண்டு வாக்கியங்களை உண்மை எனக் கொண்டால் மூன்றாவது கட்டாயமாகப் பெறப்படுமா என்பது வினா. ‘பெறப்படும்’ என்று அவள் குறித்தாள். விடைப்பக்கத்தில் ‘பெறப்படாது’ என்றிருந்தது. விளக்கம் ஒரே வரி: அட்டை தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அன்று. கமலா கேட்ட நூல் வேறொருவரிடம் இருக்கலாம், நூலகம் பூட்டியிருக்கலாம், பழைய அபராதம் பாக்கியிருக்கலாம். அட்டை இல்லையென்றால் நூல் இல்லை என்பதற்கு மேல் அந்த விதி எதையும் சொல்லவில்லை.

தில்லியில் பேர் சராயின் ஒளிநகல் கடையொன்றில் வாங்கிய மாதிரி வினாத் தொகுப்பு அது. தென்காசியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று, தில்லியில் வரலாற்றில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வில் சேர வேண்டும் என்பதற்காக அங்கேயே மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த மாணவி அவள். எழுத வேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு, அதாவது நெட். இரண்டு தாள்கள், 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். வரலாற்றுத் தாளைப் பற்றி அவளுக்கு அச்சமில்லை. எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளின் தருக்கப் பகுதிதான் காலை வாரியது. மொழிப்பாடங்கள் நீங்கலாக வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ ஆகியவற்றைக் கண்டதும் அவளுடைய கை தானாகவே தவறான கட்டத்துக்குப் போனது.

முதல் முயற்சி 2023 டிசம்பரில். 2024 ஜனவரியில் முடிவு வந்தபோது அவள் பெற்றிருந்தது 300க்கு 156, 52 விழுக்காடு. பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கான குறைந்த அளவு 35 விழுக்காடு. எனினும் தகுதி பெற்றோர் பட்டியலில் அவள் எண் இல்லை. ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநரான தந்தையிடம் தொலைபேசியில் சொன்னாள்.

“முப்பத்தஞ்சு வாங்குனாப் போதும்னு நீதானம்மா சொன்ன? அம்பத்திரண்டு வாங்கிருக்கியே. அப்புறம் எப்படி இல்லங்கான்?”

அவள் பதில் சொல்லத் தொடங்கி, முடியாமல் நிறுத்திக்கொண்டாள். ‘போதும்’ என்ற சொல்லை அவளும்தான் பயன்படுத்தியிருந்தாள். விதியோ அப்படிச் சொல்லவில்லை. பொதுப் பிரிவினருக்கு 40, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 என்பது பரிசீலனைக்கு உள்ளே வருவதற்கான வாயிற்படி. இரு தாள்களையும் எழுதியவர்களில் 6 விழுக்காட்டினர் அளவுக்கே உதவிப் பேராசிரியர் தகுதி வழங்கப்படும். அந்த இடங்களும் பாடவாரியாகவும் ஒதுக்கீட்டின்படியும் பகுக்கப்படும். முப்பத்தைந்து இல்லையேல் தகுதி இல்லை. முப்பத்தைந்து இருந்தால்? விதி மௌனம். கமலாவின் நூலக அட்டையும் இந்த முப்பத்தைந்தும் ஒன்றே என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தேர்வின் பெயரிலேயே ‘தகுதி’ என்றுதான் இருக்கிறது, ‘வேலை’ என்றில்லை. அந்தப் பெயரைக் கவனித்துப் படிப்பவர்கள்தாம் குறைவு.

பயிற்சி நூல்கள் இதற்குத் தரும் மருந்து அம்புக்குறி. ‘அ என்றால் ஆ’ என்பதை அ-விலிருந்து ஆ-வுக்கு ஓர் அம்பாக வரைந்துகொள்ள வேண்டும். அதிலிருந்து இரண்டு வழிகளில் மட்டுமே நகரலாம். அ இருந்தால் ஆ உண்டு. ஆ இல்லாவிட்டால் அ இல்லை. ஆ இருப்பதைக் கண்டு அ உண்டு என்பதும், அ இல்லாததைக் கண்டு ஆ இல்லை என்பதும் பிழை. அம்பைத் திருப்பிப் போடுவதற்குப் பள்ளிக் கணக்கில் ‘மறுதலை’ என்று பெயர். பிதாகரஸ் தேற்றத்தை நிறுவியவுடன் அதன் மறுதலையைத் தனியே நிறுவச் சொல்வார்களே, அது ஏனென்று பத்தாம் வகுப்பில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஒன்றை நிறுவியதால் மற்றது இலவசமாகக் கிடைக்காது என்பதுதான் காரணம்.

அம்புகளை அவள் வரைந்தாள். வரைந்த பின்னும் தவறினாள். எந்தப் பக்கம் வரைவது என்பதே சிக்கலாக இருக்கும்போது வரைவதால் என்ன பயன்? ஒருநாள் சலித்துப்போய் வினாக்களைத் தமிழில் எழுதிப் பார்த்தாள்.

‘மழை பெய்தால் பயிர் விளையும்.’ ‘மழை பெய்தால்தான் பயிர் விளையும்.’

இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தென்காசிச் சந்தையில் காய் விற்கும் கிழவியிடம் கேட்டாலும் சொல்வாள். முதல் வாக்கியத்தில் மழை போதும். இரண்டாவதில் மழை வேண்டும். அது போதுமா என்பது வேறு கேள்வி. ஆங்கிலத்தின் ‘இஃப்’ நம்முடைய ‘ஆல்’. ‘ஒன்லி இஃப்’ நம்முடைய ‘ஆல்தான்’. ‘அன்லெஸ்’ என்பதை ‘இல்லாவிட்டால்’ என்று வைத்துப் படித்தால் அதன் பூச்சாண்டித்தனமெல்லாம் போய்விடுகிறது. நிபந்தனை வாக்கியத்தில் ‘தான்’ எங்கே ஒட்டுகிறதோ அங்கே தேவையான நிபந்தனை இருக்கிறது. அம்பின் முனை அதை நோக்கியே இருக்க வேண்டும். பயிர் விளைந்திருந்தால் மழை பெய்திருக்கிறது. ‘நூலக அட்டை இருந்தால்தான் நூல்’ என்று எழுதியிருந்தால் கமலா விஷயத்தில் அவள் ஒருபோதும் ஏமாந்திருக்கமாட்டாள். பேசும்போது தவறாத ஒன்றைப் பிறமொழியில் படிக்கும்போது தவறவிட்டிருக்கிறாள். அதைத் தருக்க அறிவின்மை என்று மதிப்பெண் பட்டியல் கணக்கிட்டுக்கொள்கிறது.

தமிழும் எல்லா இடத்திலும் காப்பாற்றுவதில்லை. “மருந்து குடித்தால் மிட்டாய் தருவேன்” என்று தாய் சொல்கிறாள். குடிக்காவிட்டால் மிட்டாய் இல்லை என்று குழந்தை புரிந்துகொள்கிறது. தாயின் எண்ணமும் அதுவே. சொல்லளவில் அவள் அப்படிச் சொல்லவே இல்லை. மைக்கேல் கைஸ், ஆர்னல்ட் ஸ்விக்கி என்னும் மொழியியலாளர் இருவர் 1971இல் இதைக் கவனித்து, கேட்பவரை இவ்வாறு ஊகிக்குமாறு வாக்கியமே அழைக்கிறது என்று எழுதினர். அன்றாடப் பேச்சில் அந்த அழைப்பை ஏற்பது நாகரிகம். ஏற்காதவரை விதண்டாவாதி என்போம். தேர்வுக்கூடத்தில் அதே நாகரிகத்துக்கு மதிப்பெண் பறிபோகிறது. தருக்கம் கற்பது என்பதில் ஒரு பகுதி, இரண்டு மணி நேரத்துக்கோ மூன்று மணி நேரத்துக்கோ விதண்டாவாதியாக இருக்கப் பழகுவதுதான்.

பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1966இல் வெளியிட்ட புதிர் ஒன்று அவள் கண்ணில் பட்டது அப்போதுதான். மேசைமீது நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்போது தெரிபவை: உயிரெழுத்து ஒன்று, மெய்யெழுத்து ஒன்று, இரட்டைப்படை எண் ஒன்று, ஒற்றைப்படை எண் ஒன்று. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்னும் விதி மீறப்பட்டுள்ளதா என்றறிய எந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும்? உயிரெழுத்தையும் ஒற்றைப்படை எண்ணையும். படித்தவர்களிலேயே பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்வதில்லை என்பது இச்சோதனையில் பலமுறை கண்ட முடிவு. பெரும்பாலோர் இரட்டைப்படை எண்ணைப் புரட்டுகிறார்கள். அவளும் புரட்டினாள். ஆனால் 1982இல் ரிச்சர்ட் கிரிக்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் இருவரும் அதே புதிரை, மது அருந்துபவருக்கு உரிய வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியாக மாற்றி அமெரிக்க மாணவர்களிடம் கொடுத்தபோது ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாக விடையளித்தனர். புதிரின் எலும்புக்கூடு மாறவில்லை, சதைதான் மாறியது.

தந்தையிடம் பீர் புட்டியை வைத்துக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே அவள் பேருந்தைத் தேர்ந்தெடுத்தாள். சலுகைப் பாஸில் பயணம் செய்தால் கல்லூரி அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். வண்டியில் நான்கு பேர். ஒருவன் பாஸ் காட்டுகிறான். ஒருவன் டிக்கெட் எடுத்திருக்கிறான். ஒருவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. ஒருவன் அட்டையே இல்லை என்கிறான். யார் யாரைச் சோதிப்பீர்கள், அப்பா?

“டிக்கெட் எடுத்தவன்ட்ட அட்டைய ஏன் கேக்கணும்? அட்டை தொங்கவிட்டுருக்கவன் பாஸ்ல வந்தா என்ன, காசு குடுத்து வந்தா என்ன? பாஸ் காட்டுறவன்ட்ட அட்டையக் கேக்கணும். அட்டை இல்லங்கறவன் பாஸ்ல வாரானான்னு பாக்கணும். இதுல என்னம்மா இருக்கு?”

இருபத்தாறு ஆண்டுகள் நெரிசலில் நின்று பழகிய மனிதர் அவர். தேவையில்லாத ஒருவரை நிறுத்திக் கேட்டால் அடுத்த நிறுத்தம் வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். வேசனின் அட்டைகளை அவர்முன் வைத்திருந்தால் அவரும் இரட்டைப்படை எண்ணைத்தான் புரட்டியிருப்பார். அதனால் என்ன? அவள் அந்தத் தருணத்தை விடவில்லை.

“அப்பா, டிக்கெட் இருந்தாத்தான் சீட்ல உக்காரலாம். டிக்கெட் இருந்தா சீட் கிடைச்சிருமா?”

“எப்படிக் கிடைக்கும்? தீபாவளி சமயம் நூறு டிக்கெட் கிழிச்சிருக்கேன். சீட் அம்பத்தஞ்சுதான்.”

“முப்பத்தஞ்சு பெர்சன்ட் டிக்கெட்டுப்பா. சீட் இல்ல.”

மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு, “அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா” என்றார். ஜனவரியிலிருந்து அவர் யாரிடமும் மகளின் தேர்வைப் பற்றிப் பேசாமலிருந்ததை அவளுடைய தாய் பின்னொரு நாளில் சொன்னாள்.

2024 ஜூன் 18ஆம் நாள் அடுத்த தேர்வு. முதல் தாளின் தருக்கப் பகுதியில் அவள் எதையும் தவறவிட்டதாகத் தோன்றவில்லை. மறுநாள் அத்தேர்வு ரத்து செய்யப்பட்டது. எழுதியிருந்தவர்கள் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தேர்வின் நேர்மை குலைந்திருக்கலாம் என்று முதற்கட்டத் தகவல் கிடைத்திருப்பதே காரணம் என்றது அறிவிப்பு. அன்று மாலை பேர் சராயின் தேநீர்க் கடைகளில் ஒரே முடிவுதான் உலவியது: தாள் கசிந்திருந்தால் ரத்து செய்வார்கள், ரத்து செய்துவிட்டார்கள், ஆகவே கசிந்திருக்கிறது. மூன்று மாதங்களாக அம்பு வரைந்து பழகியவர்கள்தாம் அவ்வளவு பேரும். கோபத்தில் இருப்பவர்களிடம் பின்கூறிலிருந்து முன்கூறுக்குப் போகாதீர்கள் என்று யார் சொல்வது? கசிந்ததற்குச் சான்றாக வலம்வந்த படம் திருத்தப்பட்ட ஒன்று என மத்தியப் புலனாய்வு அமைப்பு பின்னர் கண்டறிந்தது.

மறுதேர்வுக்கான நாள் தெரியாத அந்த நாட்களில்தான் அவள் நூலைத் திறப்பதை நிறுத்தினாள். இன்னொரு பருவத்துக்கான வாடகையை வீட்டில் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் தனக்கே ஒரு விடை வேண்டியிருந்தது. அடுத்த அறையில் ஒடிசாவைச் சேர்ந்த மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். தத்துவத்துறையில் நியாய மரபை ஆய்பவள். அவளிடம் இவள் சொன்னது சுருக்கமானது: திறமை இருந்தால் தேறியிருப்பேன், தேறவில்லை, ஆகவே திறமை இல்லை. பிழை எங்கே என்று காட்டு பார்ப்போம் என்று ஒரு சவாலைப் போலக் கேட்டாள். ஆ இல்லை, எனவே அ இல்லை. பயிற்சி நூல் அனுமதிக்கும் இரண்டு நகர்வுகளில் இரண்டாவது. வடிவத்தில் குற்றமே இல்லை.

மூத்தவள் வடிவத்தைத் தொடவில்லை. நெட் முதல் தாளின் பாடத்திட்டத்திலேயே உள்ள பழைய உதாரணத்தை எடுத்தாள். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், எங்கெங்கு புகையோ அங்கங்கு நெருப்பு, அடுக்களையில்போல. ‘வியாப்தி’ என்னும் இந்தப் பிரிக்க முடியாத் தொடர்பு ஒரு திசையில்தான் ஓடும். நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை, நீர்நிலையில்போல, அதுவும் சரியே. ஆனால் ‘மலையில் புகை உண்டு, நெருப்பு இருப்பதால்’ என்று திருப்பினால்? பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகம் என்னும் தொடக்கநிலை நூல் இதைப் பிழைக்கு எடுத்துக்காட்டாகவே வைத்திருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை வரவேண்டுமானால் இடையே இன்னொன்று வேண்டும்: ஈரவிறகு. சொல்லப்படாமல் உள்ளே ஒளிந்திருக்கும் அந்த நிபந்தனைக்கு நியாய நூலார் இட்ட பெயர் ‘உபாதி’.

தேறியவர்கள் திறமையுள்ளவர்கள் என்று உலகம் சொல்கிறது. அது புகையிலிருந்து நெருப்புக்குப் போகும் வழி, விவாதத்துக்குரியதானாலும் இருக்கட்டும். அதை யாரும் கவனிக்காத நேரத்தில் அவள் திருப்பிப் போட்டிருந்தாள்: திறமை இருந்தால் தேறுவார்கள், நெருப்பு இருந்தால் புகையும். அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் மிகச் சரியான தருக்கம். புகை இல்லை, எனவே நெருப்பு இல்லை. பிழை ஒரு படி முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. அடுத்த படியின் ஒழுங்கு அதை மூடி மறைத்தது. பயிற்சி மையங்களின் சுவரொட்டிகள் செய்வதும் இதையே. வென்றவர்களின் படங்களைப் போட்டு, இவர்கள் இங்கே படித்தவர்கள் என்று எழுதுகிறார்கள். இங்கே படித்தால் வெல்வோம் என்று தெருவில் போகிறவர் படித்துக்கொள்கிறார். சுவரொட்டி பொய் சொல்லவில்லை. திருப்பிப்போடும் வேலையை வாசிப்பவரிடம் விட்டுவிட்டது, அவ்வளவே.

உன் விஷயத்தில் ஈரவிறகு எது என்று மூத்தவள் கேட்டாள். அன்றிரவு அவள் ஒரு தாளில் எழுதினாள்: வினாத்தாளின் மொழி, ஆறு விழுக்காடு என்ற எல்லை, நடந்த தேர்வு செல்லுபடியாவது, இன்னும் ஆறு மாத வாடகை. கடைசியில் ‘படிக்காமல் விட்ட பொருளாதார வரலாறு’ என்றும் சேர்த்தாள். அது மட்டுமே முழுக்கத் தன் கையில் இருந்தது என்பதால் அதன்கீழ் இரண்டு கோடுகள் போட்டாள். தனக்குத் திறமை உண்டு என்று அந்தத் தாள் நிறுவிவிடவில்லை. இல்லை என்பது நிறுவப்படவில்லை என்பதே அதிலிருந்து பெறப்பட்டது. அவளுக்கு அந்த வாரம் அதற்கு மேல் தேவைப்படவுமில்லை. மறுநாள் வாடகைக்காக வீட்டுக்குப் பேசினாள்.

அதே மலையும் புகையும் அடுக்களையும் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் இருக்கின்றன. பிரதிக்ஞை, ஹேது, உதாஹரணம் என்று இந்தி நூலில் நாக்கு சுளுக்கப் படித்தவையெல்லாம் அங்கே பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அமர்ந்திருக்கின்றன. நெருப்பற்ற இடத்துக்குப் புனல் காட்டாகிறது. பள்ளியில் அமுதசுரபியோடு நின்றுவிட்ட காப்பியம் அது. அறவணர் அவளுக்குத் தருக்கம் சொல்லிக்கொடுத்த பகுதிவரை எந்தப் பாடநூலும் போகவில்லை. ஓரத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதிக்கொண்டு அவள் மீண்டும் படிக்கத் தொடங்கினாள்.

மறுதேர்வு ஆகஸ்டு 21 தொடங்கி செப்டம்பர் 4 வரை கணினிவழி நடந்தது. அந்த ஆண்டுமுதல் முடிவுகள் மூன்று வகை. உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை மூன்றுக்கும் உரியோர் முதல் வகை. பின்னிரண்டுக்கு உரியோர் இரண்டாவது. சேர்க்கைக்கு மட்டும் உரியோர் மூன்றாவது. அக்டோபரில் அவள் பெயர் மூன்றாவதில் வந்தது. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை இல்லை. ஆசிரியர் தகுதியும் இல்லை. சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும்.

தந்தையை அழைத்தாள். இம்முறை அவர் அவசரப்படவில்லை.

“இது டிக்கெட்டா, சீட்டாம்மா?”

“டிக்கெட்தாம்ப்பா. இன்டர்வியூ இருக்கு. அதுக்கு அப்புறந்தான் சீட்.”

“சரி. வண்டில ஏறியாச்சுல்லா?”

“ஏறியாச்சு. நின்னுக்கிட்டுத்தான் வாரேன்.”

“கம்பிய நல்லாப் பிடிச்சுக்கோ. பிரேக் போடுவான்” என்றார் அவர்.